புதுப்பிப்பு: தண்ணீரில் இறங்கி மீன்பிடிக்க எந்தச் செருப்பு?

ஆற்றில் முழங்கால் அளவு இறங்கி நின்று தூண்டில் போட எந்தச் செருப்பு சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன், விரல் திறந்ததா மூடியதா என்பதிலேயே பேச்சு நின்றுவிட்டது. இப்போது முடிவாகிவிட்டது: விரல் மூடியது, குதிகாலைச் சுற்றி வார் உள்ளது. கலங்கிய தண்ணீரில் கால் வைக்கும் இடமே தெரியாது, கல்லில் முதலில் மோதுவது பெருவிரல்தான்.

அதைவிட முக்கியம் அடிப்பாகம். பாசி படிந்த கல்லில் கெட்டி ரப்பர் வழுக்கும், நகத்தால் அழுத்தினால் லேசாக உள்வாங்குகிற மெத்தென்ற ரப்பர்தான் வேண்டும். ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளி மாதிரியான தடித்த துணி) அடிப்பாகம் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று சிலர் சொன்னீர்கள், உண்மைதான், ஆனால் அது சீக்கிரம் காயாது, அந்த ஈரத்திலேயே டிடிமோ மாதிரியான பாசி ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். நியூசிலாந்தில் 2008இலேயே ஃபெல்ட் அடிப்பாகத்தைத் தடை செய்துவிட்டார்கள். நாம் மீன்பிடிக்கிற ஆற்றை நாமே கெடுக்கக் கூடாது, அதனால் எனக்கு ஃபெல்ட் வேண்டாம்.

அப்புறம் பொடிக்கல் தொல்லை. மூடிய செருப்பில் பக்கவாட்டு ஓட்டை வழியாக உள்ளே புகுந்து பாதத்துக்கு அடியில் உட்கார்ந்துகொள்ளும், நடக்க நடக்க உறுத்தும். மெல்லிய நியோபிரீன் (நுரை ரப்பர்) சாக்ஸ் போட்டால் உறுத்தல் பெரும்பாலும் தெரிவதில்லை, குளிர்ந்த தண்ணீருக்கும் அது நல்லது, ஆனால் செருப்பு வாங்கும்போதே சாக்ஸோடு போட்டு அளவு பாருங்கள். வார் வெல்க்ரோவாக இருந்தால் மணல் ஏறிப் பிடி தளரும், கொக்கி வைத்ததே மேல்.