குளிர்காலத்தில் நாலு நாள் நகரப் பயணம்: நீண்ட தூர பிசினஸ், பிரீமியம் எகானமி அனுபவங்கள்

நாலைந்து நாளுக்காக லண்டன், வியன்னா பக்கம் குளிர்காலத்தில் கிளம்புகிறவர்கள் சீட்டின் படத்தைப் பார்ப்பதற்கு முன் விமானம் கிளம்பும் நேரத்தைப் பாருங்கள். டிசம்பர் கடைசியில் லண்டனில் விடிவதே காலை 8 மணிக்கு. மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். ஸ்டாக்ஹோமில் 3 மணிக்கு முன்பே இருட்டிவிடும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை ஹோட்டல் அறையில் தூங்கித் தொலைக்காமல் இருக்கத்தான் பிசினஸில் படுக்கையாக விரியும் சீட்டுக்குக் காசு கொடுக்கிறோம். ஆகவே இரவு விமானத்துக்கு பிசினஸ், பகல் விமானத்துக்கு எகானமியைவிடக் கொஞ்சம் விசாலமான பிரீமியம் எகானமி. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று ஒரே டிக்கெட்டில் கலந்து எடுக்க பல ஏர்லைன்கள் அனுமதிக்கின்றன.

பணம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு விமானத்தையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். ஒரு வரிசையில் சீட்டுகள் 1-2-1 அமைப்பு (நடைபாதைகளுக்கு இடையே ஒன்று, இரண்டு, ஒன்று) என்றால் யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வரலாம். 2-3-2 என்றால் ஜன்னலோரம் இருப்பவர் பக்கத்தில் படுத்திருப்பவரைத் தாண்டித்தான் வர வேண்டும். ஐரோப்பாவுக்குள் பறக்கும் இணைப்பு விமானத்தில் 'பிசினஸ்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது எகானமி சீட்தான், நடு சீட்டை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். பிரீமியம் எகானமியில் ஒரு சீட்டுக்கும் அடுத்த வரிசை சீட்டுக்கும் இடையிலான தூரம் சுமார் 38 அங்குலம். விமான நிலையத்தில் சாப்பாடும் ஓய்வும் கிடைக்கும் லவுஞ்ச் பெரும்பாலும் இதில் சேராது.

* * *

தூக்கம் பற்றி. எட்டு மணி நேர இரவுப் பயணத்தில் ஏறி இறங்கும் நேரமும் இரண்டு சாப்பாடும் போனால் மிஞ்சுவது நாலரை மணி நேரம்தான். லவுஞ்சிலேயே சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டாம் என்று பணிப்பெண்ணிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெத்தை விரிப்பு கொடுத்தால் சீட் நிமிர்ந்திருக்கும்போதே தலைப்பக்கம் மாட்டிவிடுவது சுலபம். பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போட்டுக்கொள்ளுங்கள். போர்வைக்குள் இருந்தால், விமானம் குலுங்கும்போது பெல்ட்டைச் சரிபார்க்க வருகிறவர்கள் எழுப்பித்தான் ஆக வேண்டும்.

கதவை ஒட்டிய வரிசைகளில் கால்மாட்டில் குளிர் ஏறும். கால் நீட்ட இடம் அதிகம் என்று அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கனமான காலுறை வைத்துக்கொள்ளுங்கள். கேபின் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. இறங்கிய பிறகு ஹோட்டல் ஹீட்டரும் அதேபோலக் காற்றை உலர்த்தும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிடுங்கள், மூக்குக்கு உப்புநீர் ஸ்பிரே வையுங்கள். தேர்வு இருந்தால் ஏர்பஸ் ஏ350 அல்லது போயிங் 787. கேபின் அழுத்தத்தை 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கிறார்கள், பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். இறங்கும்போது தலை கனப்பதில் வித்தியாசம் தெரியும்.

* * *

மேலே சொன்ன எல்லாமே விமானம் கிளம்பினால்தான். பனி விழும் நாளில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்பதால் கிளம்பிவிட்டதாக அர்த்தமில்லை. இறக்கையில் ஒட்டிய பனியை முதலில் பனியை உருக்கும் சூடான கிளைகால் திரவக் கலவையால் கழுவுவார்கள். பிறகு, மறுபடி பனி படியாமலிருக்க கெட்டியான, பச்சை நிறத் திரவத்தைப் பூசுவார்கள். அந்தப் பூச்சு தாங்குவதற்கு ஒரு நேர வரம்பு உண்டு. ஓடுபாதை வரிசை நீண்டு அந்த நேரம் தாண்டிவிட்டால் திரும்ப வந்து முதலிலிருந்து அடிக்க வேண்டும். இதற்குள் விமானிகளின் பணி நேரம் முடிந்துபோனால் அன்றைக்கு அந்த விமானம் போகாது. 2010 டிசம்பரில் ஹீத்ரோவும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மியூனிக்கும் பனியால் முடங்கின. பெரிய விமான நிலையம் என்பது பாதுகாப்பு ஆகாது.

அதனால் முழுப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்) இருக்கட்டும். இணைப்புக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். தனித்தனி டிக்கெட் எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பில்லை.

ரத்தானால் செயலியில் முதலில் கண்ணில் படுவது 'பணத்தைத் திரும்பப் பெறு' என்ற பொத்தானாக இருக்கலாம். அவசரத்தில் அதை அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டால் மாற்று விமானம் ஏற்பாடு செய்யும் கடமை ஏர்லைனுக்கு அத்தோடு முடிந்தது. பிசினஸ் டிக்கெட்டின் உண்மையான பலன் தெரிவது இங்கேதான்: தனி கவுண்டர், தனி போன் வரிசை, லவுஞ்சில் டிக்கெட் மாற்றித் தரும் ஊழியர். வரிசையில் நின்றபடியே போனிலும் கூப்பிடுங்கள், எது முதலில் கிடைக்கிறதோ அது.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த விமானத்துக்கும், அங்கே போகும் ஒன்றிய நாட்டு ஏர்லைன்களுக்கும் விமானப் பயணிகளின் உரிமை பற்றிய 261ஆம் எண் ஒழுங்குமுறை பொருந்தும். பனிப்புயலுக்கு 600 யூரோ இழப்பீடு பொதுவாகக் கிடைக்காது. ஆனால் சாப்பாடும் ஹோட்டலும் தந்தே ஆக வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: பிசினஸ் டிக்கெட் வாங்கியவரைக் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், 3,500 கிலோமீட்டரைத் தாண்டும் நீண்ட தூர விமானத்தில் அந்தப் பகுதிக் கட்டணத்தின் 75 சதவீதத்தை 7 நாளில் திருப்பித் தர வேண்டும். கவுண்டரில் நீட்டும் வவுச்சர் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பழைய, புதிய போர்டிங் பாஸ் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

* * *

பெட்டி வராமல் போனால் என்ன செய்வது என்பதையும் பார்த்துவிடுவோம். பனி நாளில் ஆட்கள் வந்துவிடுவார்கள், பெட்டி பின்தங்கிவிடும். வெப்ப உள்ளாடை ஒரு செட், கம்பளி ஸ்வெட்டர், கையுறை, தொப்பி கைப்பையில் இருக்கட்டும். பூட்ஸைக் காலில் போட்டுக்கொண்டே ஏறுங்கள், ஆனால் லேஸைத் தளர்த்தி வையுங்கள், கால் வீங்கும். தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் குளிரை இழுத்துக்கொண்டிருக்கும். மெரினோ கம்பளி நல்லது.

பெட்டி வரவில்லை என்றால் கன்வேயர் பக்கத்திலேயே பி.ஐ.ஆர். (பெட்டி வராததைப் பதிவு செய்யும் அறிக்கை) புகார் எண் வாங்காமல் வெளியே போகாதீர்கள். வாங்கிய துணிகளுக்கு ரசீது வையுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, தாமதத்துக்கான எழுத்து மூலப் புகாரை பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும், சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும்.

சூடாக்கும் கையுறையின் உபரி பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கைப்பையில் மட்டும். 100 வாட்-அவர் வரை பொதுவாகக் கேள்வி இல்லை, அதாவது பவர் பேங்கில் 3.7 வோல்ட்டில் கிட்டத்தட்ட 27,000 எம்.ஏ.எச். உறைநிலைக்குக் கீழே சில்லிட்ட போனை உள்ளே வந்ததும் சார்ஜில் போடாதீர்கள், பேட்டரிக்குள் லித்தியம் படிந்து ஆயுள் குறையும். கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் மூடிக் கட்டி, உள்ளே வந்து சூடேறிய பிறகு திறந்தால் லென்ஸில் நீர் பூக்காது.

* * *

லண்டனுக்கு மட்டும் இரண்டு விஷயம். டிசம்பர் 25 அன்று டியூப், பஸ், ரயில் எதுவும் வழக்கம்போல ஓடாது. அன்று இறங்குவதாக இருந்தால் காரை முன்பதிவு செய்துவிடுங்கள். அடுத்தது, அங்கிருந்து கிளம்பும் விமானப் பயணிகள் வரி. பிரீமியம் எகானமிக்கும் பிசினஸுக்கும் ஒரே விகிதம், எகானமியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் லண்டனில் விமானம் மாறிப் போகிறவர்களுக்கு இந்த வரி கிடையாது.