ஒரு சாயங்காலம் தெருவில் வண்டி விடாமல் மூடி, அக்கம்பக்கத்தார் கூடி உட்கார்ந்து பேசுவது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க

வடசேரி பக்கத்திலிருந்து:
முதல் தப்பு கிழமையில்தான் நடக்கும். சென்னை, கோவையில் ஞாயிறு காலை சரிப்படும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்த நேரம் பாதித் தெரு சர்ச்சில் பூசைக்கும் ஆராதனைக்கும் கிளம்பும். வண்டியை எடுக்க விடலைன்னா சண்டைதான். சனிக்கிழமை சாயங்காலம் 4 முதல் 6.30 வரை வையுங்க. ரெண்டு மழைக்காலமும் நமக்கு உண்டு, மார்ச்சில் பரீட்சை. அதனால் ஜனவரி, பிப்ரவரிதான் தோது. பஸ் போகும் ரோடு வேண்டாம். காவல் நிலையத்துக்கும் மாநகராட்சிக்கும் 15 நாள் முன்னாடியே மனு கொடுங்க, அக்கம்பக்கத்து வீடுகளின் கையெழுத்தோட. மைக் வேணும்னா அதுக்குத் தனி அனுமதி. மைக் இல்லாமல் இருப்பதே நல்லது, பேச்சு காதில் விழும்.

தோவாளை பக்கத்திலிருந்து:
தெரு முனையில் கயிறு மட்டும் கட்டாதீங்க. மங்கலில் நார்க்கயிறு பைக்கில் வருகிறவன் கண்ணில் படாது, கழுத்தில் மாட்டும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ரெண்டு போதும். காலி டிரம்மை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று உருட்டிவிடும், நிறைத்தாலோ நகராது. 50 லிட்டர் தண்ணி விட்டால் ரெண்டு பேர் சேர்ந்து சட்டுனு தள்ளிடலாம். ஆம்புலன்ஸ் வந்தால் அந்தச் 'சட்டுனு'தான் முக்கியம். தீயணைப்பு வண்டி ஏறத்தாழ எட்டடி அகலம். நடுவில் 12 அடிக்கு பெஞ்சு, பந்தல் கால் எதுவும் கூடாது. ஒவ்வொரு முனையிலும் ரெண்டு பேர். கார் ஒண்ணு, ரெண்டுதான் வரும். தொல்லை ஸ்கூட்டர்தான், "இந்தா, அடுத்த வீடுதான்" என்று நுழையும். இறங்கி உருட்டிட்டுப் போகச் சொல்லுங்க. தெருவில் உள்ள கார்களை முந்தின ராத்திரியே வெளியே எடுத்து வைக்கணும்.

தக்கலை பக்கத்திலிருந்து:
மேடை போட்டால் எல்லாரும் பார்வையாளர் ஆயிடுவாங்க, அப்புறம் யாரும் யாரோடும் பேசமாட்டாங்க. பெஞ்சை எதிரும் புதிருமா போடுங்க. மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) 10 கிலோ வாங்கினால் தோல் போக 8 கிலோ தேறும், 40 பேருக்குக் காணும். மூடாமல் வேகவைத்து முதல் தண்ணியை வடிச்சுடுங்க, கசப்பு போகும். காந்தாரி மிளகாய்த் தொவையலை மட்டும் வீட்டுக்கு வீடு அரைச்சுக் கொண்டுவரச் சொல்லுங்க. வெங்காயம் சேர்க்கலாமா, புளி எவ்வளவு என்று அங்கேயே வாக்குவாதம் தொடங்கிடும். வேறே நிகழ்ச்சி எதுக்கு?