வாடைக்காற்றில் பாய் வள்ளத்தைப் படகுத்துறைப் பாலத்தில் அணைப்பது எப்படி?

அண்ணன்மாரே, மண்டபம் வடகடல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா ஓட்டிய 16 அடி வள்ளம், எஞ்சின் கிடையாது, பாய் மட்டும்தான். சோழகம், அதாவது தென்காற்று, அடிக்கிற மாதங்களில் பிரச்சினையே இல்லை. காற்று கரையிலிருந்து கடலுக்கு வருவதால், அணியத்தை (வள்ளத்தின் முன்பக்கத்தை) பாலத்துக்கு நேராகத் திருப்பிப் பாய்க் கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு வேகம் தானாகச் செத்துவிடும், கையை நீட்டித் தூணைப் பிடித்துக்கொள்ளலாம்.

வடக்கிலிருந்து வரும் வாடை தொடங்கினால் எல்லாம் தலைகீழ். காற்றும் அலையும் பின்னாலிருந்து பாலத்தை நோக்கித் தள்ளுகின்றன. போன வாரம் பாயை இறக்கும்போது கயிறு கப்பியில் சிக்கிப் பாதியில் நின்றுவிட்டது, வள்ளம் தூணில் மோதி அணியத்துப் பலகை ஒன்று விரிந்துவிட்டது. தம்பி காலை நீட்டித் தடுக்கப் போனான், நான் கத்திய கத்தில் இழுத்துக்கொண்டான். அந்தத் தூண் முழுக்கச் சிப்பி, கத்தி மாதிரி. இன்னும் நெஞ்சு பதறுகிறது.

பாலத்துக்கு எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) தள்ளிப் பாயை இறக்குகிறீர்கள்? காற்று வரும் பக்கத்திலேயே நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வரலாம் என்கிறார் மாமா. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது, ஆனால் இங்கே அடியில் கடல்புல், நங்கூரம் வழுக்குமே? அப்புறம், பக்கவாட்டில் பழைய டயர் இரண்டு கட்டினால் போதுமா?

எஞ்சின் வாங்க இப்போது வழியில்லை. வாடையில் பாய் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.