முகாம் படிவத்தில் பாலினம்: எப்படிக் கேட்பது?

வணக்கம். எங்கள் ஊர் இலவச மருத்துவ முகாமுக்கு கூகுள் ஃபார்மில் பதிவுப் படிவம் தயாரிக்கிறேன். பாலினம் கேட்கும் இடத்தில்தான் குழப்பம். ‘ஆண், பெண், மற்றவை’ என்று போட மனமில்லை. யாரையும் ‘மற்றவை’யில் தள்ளுவானேன்? தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2014-லேயே ஏற்றுவிட்டது. அதனால் பெண், ஆண், திருநங்கை, திருநம்பி, சொந்தமாக எழுத ஒரு காலிக் கட்டம், ‘சொல்ல விரும்பவில்லை’ என வைத்திருக்கிறேன்.

சிக்கல் ரத்தப் பரிசோதனையில். ஹீமோகுளோபின் குறைந்தபட்சம் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்பதால் லேப்காரர் பிறப்புப் பாலினமும் வேண்டும் என்கிறார். பாலின மாற்றத்துக்காக ஹார்மோன் எடுப்பவர்களுக்கு அதுவும் பொருந்தாதே! படிவத்தில் கேட்காமல் டாக்டரே தனியாகக் கேட்டுக்கொண்டால் போதுமா?

அப்புறம், மைக்கில் ஆதார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சிலருக்குச் சங்கடம். ‘எப்படி அழைக்கலாம்?’ என்று தனிக் கட்டம் வைக்கலாமா? திருநர் தோழர்கள் யாராவது படிவத்தைப் பார்த்துச் சொன்னால் நல்லது. இன்பாக்ஸில் அனுப்புகிறேன்.