ஃபைபர் லைனுக்கு எழுதிக் கொடுத்து மாசக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். எங்கே சிக்கியிருக்கும்?

தோட்டத்துவீடு கேட்டது:

வீடு ஊரை விட்டுத் தள்ளி, தோட்டத்துக்குள் இருக்கிறது. ஃபைபர் இணைப்புக்குப் பதிவு செய்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கடைசி ஸ்ப்ளிட்டர் பெட்டி மாட்டியிருக்கும் கம்பத்திலிருந்து வீடு சுமார் 600 மீட்டர். அதில் கடைசி 150 மீட்டர் எங்கள் நிலம். போன் செய்தால் ஆளுக்கொரு பதில். தூரம் அதிகம், சிக்னல் வராது என்கிறார் ஒருவர். கேபிள் ஸ்டாக் இல்லை என்கிறார் இன்னொருவர். நடுவில் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று போட்டுப் புகாரை மூடியும் விட்டார்கள்.

உண்மையில் எதனால் தாமதமாகிறது, நம் பக்கம் என்ன செய்து வைத்தால் வேலை நகரும், அதுவரை எதை வைத்துச் சமாளிப்பது? பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும், தோட்டத்துக் கேமராவுக்கும் வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிக்கம்பி பதில்:

தூரத்தைக் காரணம் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாமிரக் கம்பியில் வரும் டிஎஸ்எல் என்றால் அது நியாயமான பேச்சு. அதில் வேகமான வகையான விடிஎஸ்எல் ஒரு கிலோமீட்டரைத் தாண்டினாலே வேகம் சரசரவென்று இறங்கிவிடும். ஃபைபரில் கணக்கே வேறு. ஒளியின் பலத்தை டிபிஎம் என்றும், வழியில் ஆகும் இழப்பை டிபி என்றும் அளப்பார்கள்; டிபிஎம் எண் கீழே போகப் போக ஒளி குறைவு. நிலையத்துக் கருவி +3 டிபிஎம் அளவில் ஒளி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எட்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இரண்டு இருந்தால், ஒவ்வொன்றிலும் சுமார் 10.5 டிபி வீதம் 21 போகும். 8 கி.மீ. ஃபைபருக்கு 2, ஒட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் 2. வீட்டுக்கு வந்து சேர்வது -22 டிபிஎம். வீட்டில் வைக்கும் சாதாரண ஜிபான் ஃபைபர் மோடம் (ஓஎன்டி) -27 வரை வேலை செய்யும். உங்கள் 600 மீட்டர் இதில் கூட்டுவது 0.2 டிபி அளவுதான். துடைக்காமல் மாட்டிய ஒரு கனெக்டர் அதைவிட அதிகமாகத் தின்றுவிடும்.

வேலை நிற்பது பெரும்பாலும் வேறு இடங்களில். பெட்டியில் காலி போர்ட் இல்லாமல் இருக்கலாம். எட்டு போர்ட்டும் நிரம்பியிருந்தால், மேலிருந்து இன்னொரு இழை ஒட்டிப் புது ஸ்ப்ளிட்டர் வைக்கும்வரை யார் வந்தும் பயனில்லை. அடுத்தது கம்பம். பெட்டியிலிருந்து வீட்டுக்கு இழுக்கும் மெல்லிய ஃபைபரான சாதாரண டிராப் கேபிளை 50 மீட்டருக்கு ஒரு தாங்கலாவது இல்லாமல் இழுத்தால் தொங்கிவிடும், காற்றில் அறுந்தும் போகும். 600 மீட்டருக்கு ஒரு டஜன் கம்பம் வேண்டும். இருப்பது மின்கம்பம் என்றால் அந்த அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சாலையையோ வாய்க்காலையோ கடந்தால் அதற்குத் தனி அனுமதி. மாதக்கணக்கில் தூங்குவது இந்தக் காகிதங்கள்தான்.

ஆகவே "எப்போது வருவீர்கள்" என்று கேட்காதீர்கள். அதற்கு "இரண்டு நாளில்" என்ற பதில் தயாராக இருக்கும். கேட்க வேண்டியது இவை: என் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது? ஆய்வு முடிந்ததா? எந்தப் பெட்டியில் எந்தப் போர்ட் எனக்கு ஒதுக்கியிருக்கிறது? அனுமதி யாரிடம், எந்தத் தேதியில் கேட்கப்பட்டது? மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். கூடவே வீட்டின் ஜிபிஎஸ் அளவு, பெட்டியின் எண் தெரியும்படி ஒரு படம், வரிசையாக ஒவ்வொரு கம்பத்தின் படம், பாதையைக் கையால் வரைந்த படம் எல்லாவற்றையும் அனுப்புங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோட்டத்து முகவரி வரைபடத்தில் சரியாக விழுவதே இல்லை. பல விண்ணப்பங்கள் "சாத்தியமில்லை" என்று திரும்புவது அதனால்தான்.

கோபத்தில் பதிவை ரத்து செய்து புதிதாகப் போடாதீர்கள். ஒதுக்கிய போர்ட் போய்விடும், வரிசையிலும் கடைசிக்குப் போவீர்கள். "வீட்டில் இல்லை" என்று மூடினால் அன்றே அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போங்கள். அங்கே பேசுவது தேதியும் எழுத்தில் வந்த பதில்களும்தான்.

இன்னொன்று: பக்கத்துத் தோட்டங்களில் நான்கைந்து வீடு சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். ஒரு வீட்டுக்கு 600 மீட்டர் டிராப் இழுப்பது அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. ஐந்து வீடு என்றால் பல இழை கேபிள் இழுத்து, நடுவில் ஒரு புதுப் பெட்டி வைப்பது கட்டுப்படியாகும். நிலுவையில் கிடக்கும் லைன் நகர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வரப்போரம் பதில்:

உங்க நிலத்துல வர்ற 150 மீட்டரை நீங்களே கேபிள் வாங்கிப் போட்டுடலாம்னு சிலர் சொல்வாங்க. வேண்டாம். வெளியில வாங்கின கேபிளைப் பல நிறுவனம் ஏத்துக்காது. ஏத்துக்கிட்டாலும் நாளைக்குப் பழுதுன்னா "அது உங்க கேபிள்"னு கை விரிச்சிடுவாங்க. காலிக் குழாய் மட்டும் போட்டு வைங்க, அதுக்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டாங்க.

32 மி.மீ. கருப்பு ஹெச்டிபிஇ குழாய் போதும். பள்ளம் 60 செ.மீ. ஆழம் இருக்கட்டும், ஏர் ஓட்டுற நிலத்துல அதுக்குக் குறைஞ்சா கலப்பை தூக்கிடும். குழாய்க்கு மேல 30 செ.மீ. மண்ணு தள்ளி எச்சரிக்கை டேப் ஒண்ணு விரிச்சு மூடுங்க. பின்னால யாராவது தோண்டினா முதல்ல டேப் கண்ணுல படும். திருப்பத்துல எல்போ போடாதீங்க, அந்த முக்குல கேபிள் மாட்டிக்கும். குழாயையே அகலமா வளைச்சு விடுங்க, வளைக்க இடமில்லாத மூலையில மூடி போட்ட சின்னத் தொட்டி கட்டுங்க. உள்ள நைலான் கயிறு ஒண்ணை ரெண்டு மீட்டர் கூடுதலா விட்டு, ரெண்டு முனையையும் அடைச்சிடுங்க. அடைக்காம விட்டா எலி, சேறு, குளவிக்கூடு எல்லாம் உள்ள போயிடும். ஆள் வர்ற அன்னிக்குக் கயிறு அசையலைன்னா அவர் திரும்பிப் போயிடுவார்.

வீட்டுக்குள்ள நுழையிற ஓட்டையை வெளிப்பக்கம் சரிவா இறங்குற மாதிரி போடுங்க. மழைத்தண்ணி கேபிளைப் பிடிச்சுக்கிட்டு உள்ள வராது.

கோபுரத்தடி பதில்:

அதுவரைக்கும் 4ஜி-தான் கைகொடுக்கும், ஆனால் வீட்டுக்குள் வைக்கும் சின்ன ரவுட்டரை நம்பாதீர்கள். முதலில் மாடியில் நின்று, சிக்னல் அளக்கும் ஆப்பில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலை விடச் சிக்னல் எவ்வளவு தெளிவு) இரண்டையும் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி -95-க்கு மேலே இருந்தால் நல்லது, -110-க்குக் கீழே போனால் கஷ்டம். அதைவிட முக்கியம் எஸ்ஐஎன்ஆர். அது 13-ஐத் தாண்டினால் வேகம் கிடைக்கும். சுழிக்குக் கீழே என்றால் எத்தனை கட்டம் காட்டினாலும் வீடியோ சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

வாங்குவதற்கு முன் விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் வேகம் சோதியுங்கள். சிக்னல் மாறாமல் வேகம் மட்டும் இரவில் படுத்துவிட்டால் டவரில் கூட்டம் என்று பொருள். எந்த ஆண்டெனாவும் அதைச் சரி செய்யாது, வேறு நிறுவன சிம்மைப் பாருங்கள்.

சிக்னல்தான் குறை என்றால், மோடமும் ஆண்டெனாவும் ஒன்றாகவே இருக்கும் வெளிப்புறக் கருவியை மாடிக் குழாயில் மாட்டி, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளில் மின்சாரமும் டேட்டாவும் சேர்த்து இறக்குங்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை இழப்பில்லாமல் போகும். ஆண்டெனாவை மேலே வைத்து மோடத்தைக் கீழே வைத்தால், மெல்லிய ஆண்டெனா கேபிள் உயர் அலைவரிசையில் மீட்டருக்கு அரை டிபி தின்னும். பத்து மீட்டரில் ஆண்டெனா கொடுத்த ஆதாயத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகும். கருவியை டவர் பக்கம் திருப்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பொறுத்து எஸ்ஐஎன்ஆர்-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டாயம் எர்த் கொடுங்கள்.

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். மொபைல் சிம்மில் பெரும்பாலும் தனிப் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய இணைய முகவரி) கிடைக்காது, அதனால் ரவுட்டரில் போர்ட் திறந்து வெளியிலிருந்து பார்க்கும் முறை நடக்காது. நிறுவன சர்வர் வழியாகப் பார்க்கும் கேமராவாக எடுங்கள்.

ஊருக்குள் தெரிந்தவர் வீட்டில் லைன் இருந்து, பகிர்வதற்கு அந்த நிறுவனத்தின் விதி இடம் கொடுத்தால், 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பாலம் 4ஜியைவிட நிம்மதி. 2 கி.மீ.க்கு நடுவழியில் ஃப்ரெனல் வட்டத்தின் (நேர்கோட்டைச் சுற்றி அலை பரவும் இடம்) ஆரம் சுமார் 5 மீட்டர், அதில் 60 சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். அதாவது நேர்கோட்டுக்குக் கீழே 3 மீட்டர் மரமில்லாமல் இருக்கணும். மழையில் நனைந்த தென்னந்தோப்பு குறுக்கே வந்தால் முயற்சியே வேண்டாம்.

தோட்டத்துவீடு:

மூவருக்கும் நன்றி. நாளைக்கே பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் கையெழுத்து கேட்கிறேன். ஒன்று மட்டும்: ஆள் வந்து மாட்டிவிட்டால், அவர் கிளம்புவதற்கு முன் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

ஒளிக்கம்பி:

பவர் மீட்டரில் அளவைக் காட்டச் சொல்லுங்கள். -15 முதல் -25 வரை என்றால் சரி. -26, -27 என்றால் இன்று ஓடும், கனெக்டரில் கொஞ்சம் தூசி படிந்ததும் அறுந்து அறுந்து வரும், அப்படியே விட்டுப் போக அனுமதிக்காதீர்கள். பச்சைத் தலை கனெக்டர் பச்சையில்தான் மாட்ட வேண்டும், நீலத்தில் செருகினால் பொருந்துவது போலத் தெரியும், ஆனால் முனை சாய்வு வேறு என்பதால் ஒளி வீணாகும். சுவரில் கேபிளை ஆணியடித்து நசுக்கவோ, மூலையில் மடித்துத் திணிக்கவோ விடாதீர்கள்.

ஓஎன்டியில் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, கேபிள் பக்கம் வேலை பாக்கி. லாஸ் அணைந்து பான் (PON) விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் ஒளி வருகிறது, கருவியின் எண் நிலையத்தில் பதிவாகவில்லை. "நாளைக்கு வந்துவிடும்" என்று கிளம்பப் பார்ப்பார்கள். நிலையத்துக்கு ஒரு போன் போட்டால் அங்கேயே முடிகிற வேலை அது. வேகத்தை வைஃபையில் பார்க்காமல் லேன் ஒயரில் பாருங்கள்.

கடைசியாக, அந்த டிபிஎம் அளவையும் தேதியையும் ஓஎன்டியின் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள். பின்னாளில் 3 டிபி குறைந்திருந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம், புகார் கொடுக்கும்போது இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லலாம்.