இரண்டு மணி நேரப் பள்ளிக்கு வரிப்பணம் தரலாமா?

சுண்ணக்கட்டி:
அமெரிக்காவின் அரிசோனாவில் 2024 டிசம்பரில் அன்பவுண்ட் அகாடமி என்ற இணையவழி சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி கிடைத்தது. ஒரு நாளைக்குப் பாடம் இரண்டே மணி நேரம். அதுவும் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கேள்வியை மாற்றிக்கொண்டே போகும் மென்பொருளில். மீதி நேரம் பணம் கையாள்வது, மேடையில் பேசுவது போன்ற பயிற்சிகள். இதே குழுவின் விண்ணப்பத்தைப் பென்சில்வேனியா கல்வித்துறை அடுத்த மாதமே நிராகரித்துவிட்டது.

புதியவர்களுக்கு ஒரு வரி: சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், ஆனால் தனிக் குழு ஒன்று ஒப்பந்தத்தின்பேரில் நடத்தும் பள்ளி. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 1991இல் மினசோட்டா சட்டத்தில் தொடங்கியது. 2021-22இல் அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய 7,800 பள்ளிகள், 37 லட்சம் மாணவர்கள்.

என் கட்சி அரிசோனாவுடையது. சோதித்துப் பார்க்கத்தானே சார்ட்டர்? சரியில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம். மாவட்டப் பள்ளி ஒன்றை, அதாவது வழக்கமான அரசுப் பள்ளியை, அப்படி மூடிவிட முடியுமா?

வருகைப்பதிவேடு:
புதுப்பிக்காமல் விடலாம்தான். ஆனால் அரிசோனாவில் முதல் ஒப்பந்தமே 15 வருடம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மறு ஆய்வு. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்த பிறகு "சோதனை தோற்றது" என்று சொல்வது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஒஹாயோவில் ஈகாட் என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட இணையப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் தொடங்கியது, 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், மூடியது. அன்றைக்கு அதில் சுமார் 12,000 பிள்ளைகள். சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? ஆண்டுக்கு 920 மணி நேரம் என்ற கணக்கில். "920 மணி நேரப் பாடத்தை நாங்கள் வழங்கினோம், அது போதும்" என்றது பள்ளி. "பிள்ளை எவ்வளவு நேரம் படித்தது என்று காட்டு" என்றது மாநிலம். லாகின் பதிவுகளைத் தோண்டியபோது, 2015-16க்குப் பணம் வாங்கிய 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களில் ஏறத்தாழ 6,300 பேருக்குத்தான் ஆதாரம் நின்றது. அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் சுமார் 6 கோடி டாலர் திருப்பித் தரச் சொன்னார்கள்.

வகுப்பறை இருந்தால் காலையில் தலையை எண்ணிவிடலாம். திரைக்கு முன்னால் இருப்பது பிள்ளையா, திறந்து வைத்த மடிக்கணினியா என்பதை எதை வைத்து எண்ணுவீர்கள்?

சுண்ணக்கட்டி:
அது கணக்கு மோசடி. கற்பிக்கும் முறையின் தோல்வி இல்லையே.

வருகைப்பதிவேடு:
மோசடிக்குக் கதவைத் திறந்து வைப்பதே அந்த முறைதான். கலிஃபோர்னியாவில் ஏ3 என்ற நிறுவனத்தின் மீதான வழக்கு 2019இல் வந்தது, 19 இணையப் பள்ளிகள். விளையாட்டுச் சங்கங்களில் பெயர் கொடுத்த பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ந்ததாகக் காட்டியிருந்தார்கள், சங்கத்துக்கும் ஒரு பங்கு. அந்த வழக்குக்குப் பிறகுதான் வகுப்பறை சாராத புதிய சார்ட்டர்களையே மாநிலம் நிறுத்திவைத்தது.

ஏணிப்படி:
ரெண்டு பேரும் பணத்தையே சுத்திச் சுத்தி வர்றீங்க. படிப்பு என்ன ஆச்சுன்னு யாராவது பாருங்க.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட கிரெடோ ஆய்வுக் குழு 2023இல் வெளியிட்ட கணக்கு இருக்கு. சார்ட்டர் மாணவர் ஒவ்வொருத்தருக்கும் அதே வகுப்பு, அதே பழைய மதிப்பெண், அதே வறுமை நிலை உள்ள மாவட்டப் பள்ளி மாணவரை ஜோடி சேர்த்துப் பார்க்கிற முறை. மொத்தத்தில் சார்ட்டர் பிள்ளைங்க வாசிப்பில் 16 நாள் படிப்பு அளவுக்கு, கணிதத்தில் 6 நாள் அளவுக்கு முன்னாடி. இணையவழிப் பள்ளிகளை மட்டும் தனியா எடுத்தா வாசிப்பில் 58 நாள், கணிதத்தில் 124 நாள் பின்னாடி. ஒரு வருஷத்துக்கு 180 பள்ளி நாள்தான், ஞாபகம் வச்சுக்குங்க.

தராசு முள்:
அந்த "நாள்" கணக்கை அப்படியே விழுங்காதீர்கள். திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) நூற்றில் ஒரு பங்குக்கு 5.78 நாள் என்று பெருக்கி எழுதியது அது. 16 நாள் என்பது உண்மையில் 0.028. ஒரு வகுப்பறைக்குள் நின்று பார்த்தால் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். ஆதரவாளர்கள் இதைக் கொடிபிடித்துக் கொண்டாடுவது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் 124 நாள் 0.21க்கு மேல் வரும், அது சின்னது இல்லை. அந்த விஷயத்தில் ஏணிப்படி சொல்வது நிற்கிறது.

ஜோடி சேர்க்கும் முறையைவிட நம்பகமானது குலுக்கல். இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடுவது. பாஸ்டனில் அப்படிச் செய்த ஆய்வுகளில் கணித முன்னேற்றம் பெரிதாகவே வந்தது. அந்தப் பள்ளிகள் செய்தவை நீண்ட பள்ளி நாளும் கண்டிப்பான ஒழுங்கும். அவற்றில் ஒன்றான மேட்ச் பள்ளியில் ஒரு டியூட்டருக்கு இரண்டு பிள்ளைகள், தினமும். "தனிப்பயன் கற்றல்" என்று யாரும் விளம்பரம் செய்யவில்லை, ஆனால் அதைவிட ஆளுக்கேற்ற கற்றல் வேறு என்ன இருக்கிறது?

சுண்ணக்கட்டி:
ஒத்துக்கொள்கிறேன், டியூட்டர்தான் தங்கம். ஆனால் ஊர் முழுக்க இரண்டு பிள்ளைக்கு ஒரு டியூட்டர் வைக்க எந்த பட்ஜெட் தாங்கும்? அந்த இடைவெளியை நிரப்பத்தான் மென்பொருள். ராண்ட் ஆய்வு நிறுவனம் 2015இல் தனிப்பயன் முறைப் பள்ளிகள் 62ஐ ஆராய்ந்தபோது கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேற்றம் கண்டது.

தராசு முள்:
ராண்டின் 2017 அறிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கணிதத்தில் மூன்று சதமானப் புள்ளி, அதாவது நூறு பேர் வரிசையில் மூன்று இடம், முன்னேற்றம். வாசிப்பில் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

ஏணிப்படி:
மென்பொருள் எங்க உடையுதுன்னு விவரமா பார்ப்போம்.

முதல் ஓட்டை, உதவிக் குறிப்பு பட்டன். மூணு நாலு தடவை அழுத்தினா கடைசிக் குறிப்புல விடையே வந்துடும். பிள்ளைங்க அதைப் பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சுடுவாங்க. டாஷ்போர்டுல பாடம் முடிஞ்சதுன்னு பச்சை விழும், தலைக்குள்ள ஒண்ணும் ஏறியிருக்காது. அடுத்தது தேர்ச்சித் தேர்வு. கலிஃபோர்னியாவோட சம்மிட் சார்ட்டர் பள்ளிகள் ஃபேஸ்புக் பொறியாளர்களோட சேர்ந்து கட்டின தளத்துல பத்துக் கேள்விக்கு எட்டு சரின்னா அந்தப் பாடம் தேர்ச்சி. தோத்தா திரும்ப எழுதலாம். சின்னக் கேள்வி வங்கியா இருந்தா நாலாவது தடவை எழுதறப்போ அது ஞாபகசக்தித் தேர்வுதான். அந்தத் திட்டத்துலயே உயிரான பகுதின்னா வாரத்துக்கு ஒரு தடவை ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையோடயும் பத்து நிமிஷமாவது தனியா உட்காரணும்கிறது. கணக்குப் போடுங்க: ஒரு ஆசிரியருக்கு 20 பிள்ளைன்னா வாரம் 200 நிமிஷம். கால அட்டவணையில அதுக்கு இடம் ஒதுக்காத பள்ளியில முதல்ல வெட்டுப்படுறதும் அதுதான். மிஞ்சுறது மடிக்கணினி மட்டும். இந்தத் தளத்தை எதிர்த்து 2018இல் நியூயார்க் புரூக்ளின்ல மாணவர்களே வகுப்பை விட்டு வெளியே வந்து நின்னாங்க, அடுத்த வருஷம் கன்சாஸ்ல பெற்றோர் எதிர்ப்பு.

இன்னொண்ணு. ஆளுக்கு ஆள் வேகம்னா திரை வேணும்னு யார் சொன்னது? நம்ம செயல்வழிக் கற்றல் என்ன? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில ஆரம்பிச்சு 2007இல் மாநிலம் முழுக்கப் போச்சு. ஏணி, அட்டை, பாயில உட்கார்ந்த ஆசிரியர். பிள்ளை தன் படியைத் தானே பார்த்து அடுத்த அட்டையை எடுக்கும். அங்கயும் உடைஞ்ச இடம் இதேதான்: நாப்பது பிள்ளை நாப்பது படியில நிக்கும்போது, புதுசா சொல்லித்தர வேண்டிய குழுவுக்கு ஆசிரியரோட நேரம் பத்தாது. அட்டையோ ஆப்போ, நெரிசல் ஆசிரியர்கிட்டதான்.

வருகைப்பதிவேடு:
இதைத்தான் நான் வேறு வார்த்தையில் சொன்னேன். ஆசிரியர் சம்பளம்தான் பள்ளியின் பெரிய செலவு. அதைக் குறைக்காமல் இணையப் பள்ளி லாபம் பார்க்காது. பென்சில்வேனியாவில் ஐந்து இணைய சார்ட்டர்களின் சேமிப்பு 2020இல் 25.4 கோடி டாலர், 2023இல் 61.9 கோடி. மாநிலத் தணிக்கையாளர் 2025இல் சொன்ன எண் இது. பிள்ளைகளுக்கென்று வந்த பணம் வங்கியில் தூங்குகிறது.

சுண்ணக்கட்டி:
சரி, குறை சொன்னது போதும். 2025இல் அமெரிக்க மத்திய அரசு சார்ட்டர் மானியத்தை 44 கோடி டாலரிலிருந்து 50 கோடியாக்கிவிட்டது, இந்த வண்டி நிற்கப் போவதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதினால் உங்களுக்குச் சம்மதம்?

வருகைப்பதிவேடு:
கலிஃபோர்னியா விதியிலிருந்து ஆரம்பிக்கலாம். வகுப்பறை சாராத பள்ளி முழு நிதி வாங்க வேண்டுமானால் வருவாயில் 40 சதவீதம் சான்று பெற்ற ஆசிரியர்களின் சம்பளத்துக்கும் படிகளுக்கும், 80 சதவீதம் கற்பித்தல் சார்ந்த செலவுக்கும் போக வேண்டும். ஓர் ஆசிரியருக்குப் பொதுவாக 25 மாணவருக்கு மேல் கூடாது. இந்த மூன்றோடு முதல் ஒப்பந்தம் மூன்று வருடம் என்று போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று கூடுதலாக: பணம் உட்கார்ந்த நேரத்துக்கு இல்லை, முடித்த பாடத்துக்கு.

ஏணிப்படி:
கடைசி வரி மட்டும் வேண்டாம். முடிச்ச பாடத்துக்குப் பணம்னா பள்ளி என்ன செய்யும்? கேள்வியை எளிசாக்கும். பத்துக்கு எட்டு ஆறாகும்.

தராசு முள்:
தேர்வை வெளியாள் நடத்தினால் அது நடக்காது. செப்டம்பரிலும் மே மாதத்திலும், மென்பொருள் விற்ற நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத தேர்வு, நேரில், கண்காணிப்பாளர் முன்னால். வீட்டில் உட்கார்ந்து எழுதும் தேர்வை எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது.

சுண்ணக்கட்டி:
மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளை எந்த ஊரில் உட்காரவைப்பீர்கள்? பயணச் செலவு யாருடையது?

வருகைப்பதிவேடு:
பள்ளியுடையது. கட்டடம் கட்டாமல் மிச்சம் பிடித்த காசு இருக்கிறதே.