கிரியே கோஷுயின் வாங்கப் போன இடத்தில் மனதை விட்டுப் போகாத சம்பவம் இருக்கிறதா?

சைதாமா வாசி

கோஷுயின் என்றால் கோயிலில் கும்பிட்டதற்கு அடையாளமாக எழுதி முத்திரை வைத்துத் தருவது, கிரியே என்றால் அதையே உருவம் வெட்டிய தாளில் தருவது. வாங்கிய தாளை வானத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பதை எல்லோரும்தான் செய்கிறோம். அது வேண்டாம். அங்கே பார்த்த ஆள், காதில் விழுந்த பேச்சு என்று ஏதாவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையது இது.

போன ஆகஸ்ட், சைதாமாவில் ஒரு சின்ன ஜின்ஜா, அதாவது ஷிந்தோ கோயில். பெயர் சொல்லமாட்டேன், ஏற்கெனவே அங்கே கூட்டம். அந்த மாதத்துக் கிரியே நீலத் தாளில் தங்கமீன். வரிசையில் எனக்கு முன்னால் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி. கோயிலில் பணிசெய்யும் மிகோ பெண் 1,200 யென் என்று சொல்லித் தாளை உறையோடு நீட்டினாள். பாட்டி பணப்பையைத் திறக்கவில்லை. உறையிலிருந்து தாளை உருவி, மீன் வாலின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். லேசர் வெட்டிய இடத்தில், பின்பக்கம் லேசாகக் கருகின பழுப்பு இருக்குமே, அங்கே. அப்புறம் கேட்டார்: “இது நன்றாக எரியுமா? பிளாஸ்டிக் எதுவும் பூசவில்லையே?”

அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. உள்ளே போய் யாரையோ விசாரித்துவிட்டு வந்து, வெறும் தாள்தான் என்றாள். “அப்படியானால் சரி.” பணத்தைத் தட்டில் வைத்தார், உறையைத் திருப்பிக் கொடுத்தார், தாளை இரண்டாக மடித்தார். நடு முதுகில், நகத்தால் நீவி! என் பின்னால் நின்ற பையனுக்கு மூச்சே நின்றுபோனது போல ஒரு சத்தம் வந்தது. பாட்டி அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

எதற்கு எரிய வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாகோயா மாப்பிள்ளை

சவப்பெட்டிக்குள் வைக்கத்தான், இங்கே பெட்டியோடு சேர்த்துத்தானே எரிப்பார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை.

முத்திரைகளைச் சேர்த்து வைக்கும் கோஷுயின் புத்தகத்தை இறந்தவரோடு வைத்து அனுப்புவது இங்கே இருக்கிற வழக்கம்தான். ஆனால் இறுதிச் சடங்கு நடத்தும் நிறுவனம் முதலிலேயே ஒரு பட்டியல் கொடுத்துவிடும்: கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக், தடித்த புத்தகம் எதுவும் பெட்டியில் வைக்காதீர்கள் என்று. தடித்த புத்தகம் முழுசாக எரியாது, சாம்பல் எலும்போடு கலந்துவிடும். பிறகு அந்த எலும்பைக் குச்சியால் பொறுக்கப் போவது குடும்பத்தார்தானே.

என் மாமனார் சைகோகு யாத்திரையின் 33 கண்ணோன் (கருணையின் போதிசத்துவர்) கோயில்களையும் சுற்றி முடித்தவர். அவர் புத்தகம் நல்ல தடிமன், இரண்டு பக்கமும் கெட்டி அட்டை. மாமியார் பட்டியலைப் படித்தார், ஒன்றும் பேசவில்லை. அட்டைகளைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருந்த தாளை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, அவர் கால் மாட்டிலிருந்து மார்பு வரைக்கும் விரித்துக்கொண்டே போனார். தாள் முடியவே இல்லை. நிறுவனத்திலிருந்து வந்திருந்த பையன் குனிந்து மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தான். வெள்ளைச் சாமந்திக்கு நடுவே அத்தனை சிவப்பு முத்திரை. என் மனைவி அவள் அப்பா முகத்தைப் பார்க்கவில்லை, முத்திரைகளைத்தான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

அதனால் ஒற்றைத் தாள் என்றால் வசதி. மடித்தால் சட்டைப் பையிலேயே வைத்துவிடலாம்.

உஜிக்காரி

சோகத்துக்கு நடுவில் என் கதை வருவதற்கு மன்னிக்கவும்.

எங்கள் பக்கத்தில் கிரியே என்றால் உஜிதவாராவில் இருக்கும் ஷோஜுயின் கோயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கோடையில் காற்றுமணிகள், இதய வடிவ ஜன்னல். நான் சொல்லும் இடம் அது இல்லை. குளம் உள்ள வேறொரு கோயில். மேப்பிள் இலை வெட்டிய தாள் ஒன்றை வாங்கி, நிஜ மேப்பிளோடு சேர்த்துப் பிடித்து ஒரு படம் எடுக்கலாம் என்று உறையிலிருந்து எடுத்தேன். காற்று. தாள் நேரே குளத்தில்.

இதில் தாளைவிட மீன்கள்தான் விசேஷம். வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒரு பெரிய கோய் மீன் மேலே வந்து, வாயைத் திறந்து, இலையின் ஒரு நுனியைக் கவ்வியது. பிடிக்கவில்லை, துப்பியது. அடுத்த மீன் வந்து அதே நுனியைக் கவ்வித் துப்பியது. நாலைந்து மீன்கள் வரிசையாக வந்து ருசி பார்த்துவிட்டுப் போயின, கல்யாணப் பந்தியில் உப்பு போதுமா என்று பார்க்கிற பெரியவர்கள் மாதிரி. கரையில் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்கள் கூட்டம் சிரித்துச் சிரித்து உட்கார்ந்தேவிட்டது. தோட்ட வேலை செய்துகொண்டிருந்தவர் இலை அள்ளும் வலையோடு வந்து தாளை எடுத்தார். செய்தித்தாளுக்கு நடுவே வைத்துக் கையால் அழுத்தினார். “கொஞ்சம் நெளியும், ஆனால் முத்திரை ஓடவில்லை பாருங்கள்” என்று காட்டினார். உண்மைதான், சிவப்பு அப்படியே இருந்தது. தேதி எழுதியிருந்த மையும் கலையவில்லை.

நெளிந்த தாள்தான் இன்றைக்கும் என் புத்தகத்தில் இருக்கிறது. மீன் கவ்விய நுனி மட்டும் இல்லை.

பழைய யாத்ரீகன்

மாப்பிள்ளை சார், சந்தேகமே இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ஓதகியாகே என்று ஒன்று இருக்கிறதே. பழைய தாயத்து, அம்பு எல்லாவற்றையும் கோயிலில் திருப்பிக் கொடுத்தால் நெருப்பில் இடுவார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டுக் கொடுங்கள் என்று அங்கேயும்தான் எழுதி வைத்திருப்பார்கள். வயதானவர்கள் ஒரு பொருளை வாங்கும்போதே அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று கேட்பது சகஜம். எல்லாவற்றையும் சாவோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை.

என் சம்பவம் சின்னது. எனக்கு முன்னால் நின்ற ஒருவர் ஐந்து பேரைக் கூட்டிவந்து, ஆளுக்கு ஒன்று என்று வாங்க வைத்து, வாசல் வளைவான தோரியைத் தாண்டுவதற்குள் ஐந்தையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஒருவர்கூடக் கும்பிடவில்லை. அதே தாள் அன்று மாலையே பழைய பொருள் விற்கும் செயலியில் இரண்டு மடங்கு விலையில் இருந்தது. அவ்வளவுதான்.

எனக்குக் கிரியே பிடிக்காது என்பதை ஒளிக்கவில்லை. கோஷுயின் என்பது சூத்திரத்தைக் கையால் எழுதிக் கோயிலில் ஒப்படைத்ததற்குக் கொடுத்த ரசீதாகத் தொடங்கியது. லேசர் இயந்திரம் வெட்டி, பெட்டியில் வந்து இறங்கும் தாளில் எந்தப் பிரார்த்தனைக்கு ரசீது? 2019 மே 1, புதிய பேரரசரின் ரெய்வா சகாப்தம் பிறந்த நாளில் தோக்கியோவின் மெய்ஜி ஜிங்கு ஜின்ஜாவில் 10 மணி நேரம் வரை வரிசை நின்றது. அன்றைக்கே எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. ஷிகோகு யாத்திரையின் 88 கோயில்களிலும் முத்திரைக் காணிக்கையை 2024 ஏப்ரலில்தான் 300 யென்னிலிருந்து 500 ஆக்கினார்கள், அதற்கே எத்தனை புலம்பல். கிரியேவுக்கு 1,500 என்றால் மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில விஷயம், யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முதலில் கும்பிடுங்கள், அப்புறம் கோஷுயின் தரும் ஜன்னலுக்குப் போங்கள். கூட்டம் அதிகமான இடங்களில் மட்டும் புத்தகத்தை முன்னாலேயே வாங்கிக்கொண்டு எண் அட்டை கொடுப்பார்கள். ஜின்ஜாவில் இரண்டு வணக்கம், இரண்டு கைதட்டல், ஒரு வணக்கம். பௌத்தக் கோயிலில் தட்டாதீர்கள், கைகூப்பினால் போதும். நம் ஆட்கள் சென்ஸோஜியில் பட்டாசு மாதிரி தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சில்லறை வைத்திருங்கள், 10,000 யென் நோட்டை நீட்டாதீர்கள். நாலு மணிக்கு மேல் போய்விட்டு மூடிவிட்டார்கள் என்று கோபப்படாதீர்கள். ரயில் நிலைய முத்திரை குத்திய நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் சில இடங்களில் எழுதமாட்டார்கள், அது நியாயம்தான். கியோட்டோவின் இரண்டு ஹொங்கான்ஜி கோயில்களிலும் கோஷுயின் கிடையாது. அவை சேர்ந்த ஜோதோ ஷின்ஷு பௌத்தப் பிரிவில் பொதுவாகவே கொடுப்பதில்லை, அங்கே போய் வாதாடாதீர்கள். நிச்சிரென் பிரிவுக் கோயிலில் மற்ற கோயில்கள் கலந்த புத்தகத்தைக் கொடுத்தால் சில இடங்களில் ‘மியோஹோ’ (அற்புத தர்மம்) என்று மட்டும் எழுதித் தருவார்கள். அவர்கள் மந்திரத்தை முழுசாக எழுதித் தரும் கோஷுதாய் வேண்டுமென்றால் தனிப் புத்தகம் வையுங்கள். கிரியே பெரும்பாலும் இரண்டு பக்க அளவு. தண்ணீர்ப் பசை தடவினால் மெல்லிய இழைகள் சுருண்டுவிடும், இருபக்க ஒட்டு நாடா சில வருஷத்தில் மஞ்சளாகும். பை வைத்த புத்தகம் வாங்கி உள்ளே செருகிவிடுங்கள், பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் வெட்டு எடுப்பாகத் தெரியும்.

நிஷிகசாய் அம்மா

அண்ணா, கிரியே பிடிக்காது என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் தாள் வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறீர்களே!

ஊரிலிருந்து என் அம்மா வந்திருந்தபோது அசாகுசா பக்கம் மத்சுச்சியாமா ஷோதேன் கூட்டிப் போனேன். அங்கே இருப்பது கங்கிதேன், அதாவது நம் பிள்ளையார். சிலையை யாருக்கும் காட்டமாட்டார்கள். திரும்பின பக்கமெல்லாம் முள்ளங்கியும் பணப்பையும்தான் சின்னமாகச் செதுக்கியிருக்கும், படைப்பதும் முழு வெள்ளை முள்ளங்கி. அம்மா சன்னதியில் அடுக்கியிருந்த முள்ளங்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பிள்ளையாருக்குச் சாம்பார் காயா? கொழுக்கட்டை எங்கேடி?” கியோட்டோவில் கொழுக்கட்டை வழியில் வந்ததாகச் சொல்லும் பொரித்த பட்சணம் ஒன்று இருக்கிறது என்றேன், சமாதானம் ஆகவில்லை. கோஷுயின் எழுதிக் கொடுத்தவரிடம் யானை வெட்டின தாள் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லி என் முழங்கையை இடித்துக்கொண்டே இருந்தார். நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும் வரை அம்மா பேசவில்லை, ரயிலில் முள்ளங்கியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஆமாம், ஒன்றை வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

கிரியூ மருமகள்

பழைய யாத்ரீகன் அண்ணாவுக்கு. இயந்திரம் வெட்டிப் பெட்டியில் வந்து இறங்குகிறது என்றீர்கள், இறங்கிய பிறகு என்ன நடக்கிறது என்று நான் பார்த்திருக்கிறேன்.

கிரியூ என்றால் வெளியூர்க்காரர்கள் ஹோதோகுஜி கோயிலுக்குத்தான் வருவார்கள், பளபளப்பான தரையில் மேப்பிள் நிறம் விழுவதைப் பார்க்க. எங்கள் மலைப்பக்கத்து ஜின்ஜாவுக்கு யாரும் வருவதில்லை. கண்ணுஷி, அதாவது பூசாரி, ஒருவர்தான், அவர் தலையில் இன்னும் ஆறேழு ஜின்ஜா. ஜப்பான் முழுக்கவே சுமார் 80,000 ஜின்ஜாவுக்கு 20,000 பேரை ஒட்டித்தான் கண்ணுஷிகள் என்பார்கள், அதனால் இது புதுசில்லை. கூரையின் செப்புத் தகடு ஓட்டையாகி மழை உள்ளே வந்தது. சந்தா கொடுக்கும் வீடுகள் வருஷா வருஷம் குறைகின்றன. என் மாமனார் ஊர்ப் பிரதிநிதிகளில் ஒருவர், அவர்கள் கூட்டத்தில்தான் கிரியே போடலாம் என்று முடிவானது.

தாள் வந்த அன்று உதவிக்குக் கூப்பிட்டார்கள். கண்ணுஷியின் அம்மா கொதாத்சுவில் (போர்வை மூடிய, சூடேற்றும் மேசை) காலை நுழைத்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு டப்பா பல்குச்சி. லேசர் வெட்டினாலும் சின்னச் சின்னத் துண்டுகள் தாளிலேயே தொற்றிக்கொண்டிருக்கும், பனித்துளி அளவு ஓட்டைகளில் இன்னும் மோசம். ஒவ்வொரு துண்டையும் பல்குச்சி நுனியால் தட்டித் தள்ள வேண்டும். அழுத்தினால் இழை அறுந்துவிடும். அறுந்த தாளைக் குப்பையில் போடாமல் தனியாக ஒரு தட்டில் வைத்தார். மாலைக்குள் அவர் சட்டைக் கை, போர்வை, என் தலைமுடி எல்லாம் வெள்ளைப் பொடி. ஒரு தாளை முடித்ததும் விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்ப்பார், அப்புறம் இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஒரு நொடி உயர்த்திவிட்டு அடுக்கில் வைப்பார். ஒவ்வொரு தாளுக்கும். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பவே இல்லை. ரசீதுக்குப் பிரார்த்தனை வேண்டும் என்றால் அதில் போதுமான அளவு இருந்தது.

பழைய யாத்ரீகன்

சரிம்மா, பாட்டிக்கு என் வணக்கம். கூரை நன்றாக அமையட்டும். ஆனாலும் அதைக் கோஷுயின் என்று சொல்லாதீர்கள், அழகான காணிக்கைத் தாள் என்று சொல்லுங்கள். அந்த அறுந்த தாள்களை என்ன செய்தார்கள்?

கிரியூ மருமகள்

ஜனவரியில் பழைய தாயத்துகளோடு சேர்த்து எரித்தார்கள். கூரை பாதிதான் முடிந்திருக்கிறது, மீதி அடுத்த வருஷம். இந்த முறை முயல் வடிவம், மீசை முடி அவ்வளவு மெல்லிசு, பாதிக்கு மேல் அறுந்துவிடும் என்று இப்போதே பாட்டி கண்ணுஷியோடு சண்டை.